அமைதித் தலைமையகமும் துவானின் வாத்துகளும்

முதற்கண் வாசகர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுத்தாளர் அல்லேன். இதுவரை நான் எழுதியவை மாணவர்களுக்கான மாதிரி விடைகளும் பெற்றோருக்கான சுற்றறிக்கைகளும் சில விடுப்பு விண்ணப்பங்களும் மட்டுமே. கதை எழுதத் துணிவது என் தகுதிக்கு மீறிய செயல் என்பதை அறிவேன். யாரையும் குறை கூறும் எண்ணமும் எனக்கில்லை. நடந்தவற்றை நடந்தவாறே கூறும்போது அவை குறைபோலத் தோன்றினால், அது என் நடையின் குறை என்று கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

சீனாவில் எங்கள் வட்டத் தலைநகரின் மேனிலைப் பள்ளியில் இறுதியாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பது என் பணி. யாருக்கு எந்தக் கல்லூரி என்று தீர்மானிக்கும் ஜூன் மாதப் பெருந்தேர்வில் ஆங்கிலத் தாளின் முதல் முப்பது மதிப்பெண், கேட்டு விடை குறிப்பதற்கு உரியது. சுவரில் பொருத்திய ஒலிபெருக்கியில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஆங்கிலத்தில் உரையாடுவார்கள். அந்தப் பெண் எந்த ரயிலைத் தவறவிட்டாள், அந்த ஆண் ஏன் குடை கொண்டுவரவில்லை என்பதை மாணவர்கள் கண்டறிய வேண்டும். அந்தக் குடைக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் எதிர்காலத்துக்கும் உள்ள தொடர்பை விளக்கும் ஆற்றல் எனக்கில்லை. தொடர்பு உண்டு என்பது மட்டும் உறுதி. அதற்கடுத்தது படித்து விடை குறிக்கும் பகுதி.

என் மாணவி துவான் ஷிங்ஹுவா (எங்கள் வழக்கில் குடும்பப் பெயர் முதலில் வரும்), படிக்கும் பகுதியில் தடுமாறுவாள். நீளமான பத்தியைக் கண்டால் சேற்றில் கால் வைத்தவள்போல ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பாள். ஆனால் கேட்கும் பகுதியில் அவளுக்கு நிகர் எங்கள் பள்ளியில் இல்லை. எப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"வீட்ல வாத்துக்கு நடுவுலதான் டீச்சர் டேப் போட்டுக் கேக்கறேன்," என்றாள். "நானூறு வாத்து கத்தறப்போ அதுல எது மனுஷக் குரல்னு காதே பிரிச்சு எடுத்துக்கும். இங்க வந்து கேட்டா, என்ன டீச்சர் இவ்ளோ சுலபமா இருக்குன்னு தோணும்."

பள்ளியின் பின்மதிலுக்கு அப்பால் இருக்கும் குளம் அவள் தந்தை துவானுடையது. முட்டையிடும் வாத்துகளை வளர்த்து, முட்டைகளை உப்பில் ஊறவைத்து விற்பவர். மகளுக்கு மாகாணத் தலைநகரின் கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர ஆசை. மாதிரித் தேர்வுகளில் அவள் பெற்ற மொத்தம், அக்கல்லூரி கடந்த ஆண்டு வகுத்த தகுதி மதிப்பெண் கோட்டின் மீதே வந்து நின்றது. கேட்கும் பகுதியைச் சேர்த்தால் கோட்டுக்கு மேலே, கழித்தால் கீழே. இது அவளுக்குத் தெரியும், பெற்றோருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். வாத்துகளுக்கு மட்டுமே தெரியாது.

இனி ஆணையைப் பற்றிக் கூற வேண்டும்.

கேட்கும் பகுதி நடைபெறும்போது தேர்வு மையத்தைச் சுற்றி ஐம்பது டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்று மாகாணம் அறிவித்தது. மிக நியாயமான அறிவிப்பு. எங்கள் நிர்வாகத்தில் மேலிருந்து ஓர் ஆணை கீழே இறங்கும்போது, ஒவ்வொரு படியிலும் உள்ளவர்கள் தங்கள் விசுவாசத்தையும் அதில் கொஞ்சம் சேர்த்தே அனுப்புவது மரபு. ஆகவே நகரம் அதை நாற்பது ஆக்கியது. வட்டம் முப்பது ஆக்கியது. கல்வி அலுவலகம் இருபது என்றது. பேரூர் அலுவலகம் பத்து என்றது. இறுதியாக அது குளக்கரைக் குடியிருப்புக் குழுவிடம் வந்து சேர்ந்தது. அக்குழுவின் தலைவி ஹூ அக்கா, நல்லவர், சுறுசுறுப்பானவர்.

"மேல இருக்கறவங்க பத்துன்னாங்க, நாமளும் பத்துன்னு எழுதினா அப்பறம் நாம எதுக்கு இருக்கோம்?" என்று குழுவினரைக் கேட்டார். "சும்மா உக்காந்து பூசணி விதை கொறிக்கறோம்னு நெனப்பாங்க. சைபர்னு போடுங்க."

அதற்குக் கீழே இறங்க எண் இல்லாததால் ஆணை எங்கள் பள்ளி வாசலில் வந்து நின்றது.

சுழியம் எட்ட முடியாதது என்று சுற்றுச்சூழல் அலுவலகத்தின் அளவையாளர் வெய் எழுத்து மூலம் தெரிவித்தார். ஆளில்லாத பாலைவனத்திலும் கருவி ஏதேனும் ஓர் எண்ணைக் காட்டும் என்றார். அவருடைய கருத்து மதிப்புடன் ஏற்கப்பட்டு, வேறொரு வழி காணப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை, பள்ளியில் ஒருவரும் இல்லாதபோது கருவி காட்டும் எண்ணையே சுழியம் என்று வைத்துக்கொள்வது. அதற்கு மேல் ஏறுவது எதுவாயினும் சத்தம். அறிவியலுக்கும் விசுவாசத்துக்கும் இடையே எந்தப் பூசலும் இல்லாமல் பிரச்சினை தீர்ந்தது.

இதை நிறைவேற்ற அமைதித் தலைமையகம் ஒன்று அமைந்தது. வட்டத் துணைத் தலைவர் கோங் அதன் பெருந்தலைவர். அவர் எங்கள் கலையரங்கில் ஆற்றிய உரையைக் கேட்கும் பேறு எனக்குக் கிடைத்தது.

"தோழர்களே!" என்று தொடங்கினார். ஒலிவாங்கி கிறீச்சிட்டது. "எனக்கு அனுபவம் இல்லன்னு யாரும் நெனைக்க வேண்டாம். போன வருஷம் வெள்ளத் தடுப்புத் தலைமையகம் நடத்தினேன். வெள்ளம் வரல, வறட்சி வந்துச்சு. அதுக்கு முந்தின வருஷம் வறட்சித் தடுப்புத் தலைமையகம். அந்த வருஷம்தான் வெள்ளம். ரெண்டுக்கும் எனக்கு விருது குடுத்தாங்க. ஏன்? ஏற்பாடு! ஏற்பாடு சரியா இருந்தா, நடக்கறது எப்படி இருந்தா என்ன?"

அரங்கம் கைதட்ட முனைந்தது. அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"இன்னிலேர்ந்து கைதட்டக் கூடாது. கைய மேல தூக்கி ஆட்டுங்க, போதும். தோழர்களே, ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. கேக்கறது மாணவர்களோட வேலை. அவங்க காதுல எதுவுமே விழாம பாத்துக்கறது நம்ம வேலை!"

நாங்கள் கைகளை உயர்த்தி ஆட்டினோம். உரை நண்பகல் வரை நீடித்தது. அரங்கை ஒட்டிய வகுப்புகளில் அன்று நடக்கவிருந்த கேட்கும் பயிற்சி, உரையின் சத்தத்தால் மறுநாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது.

எங்கள் நாட்டில் ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒரு தலைவரை நியமித்து, ஆறு அழுக்கானால் அவரைப் பொறுப்பாக்கும் முறை உண்டு. அதே முறையில் சத்தங்களுக்கும் தலைவர்கள் நியமனம் பெற்றார்கள். மதிலோரக் கற்பூர மரங்களுக்குச் சில்வண்டுத் தலைவர்; வாய்க்காலுக்குத் தவளைத் தலைவர்; நூடுல்ஸ் கடையில் கறி கொத்தும் கத்திக்கு அதன் உரிமையாளரே கத்தித் தலைவர்; எதிர்க் குடியிருப்பில் புதிதாகப் பிறந்த இரட்டைப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய தாய். மாலையில் சதுக்கத்தில் பாட்டுப் போட்டு ஆடும் பெண்கள் பாட்டை அணைத்துவிட்டு, தங்களுக்குள் எண்ணிக்கொண்டே ஆடினார்கள். துவானுக்குச் சிவப்புக் கைப்பட்டை வந்தது. அதில் மஞ்சள் எழுத்தில் ‘வாத்துத் தலைவர்’ என்றிருந்தது.

"அக்கா, நான் என்ன செய்யணும்?" என்று ஹூ அக்காவிடம் அவர் கேட்டபோது, வீட்டுப்பாட நோட்டு கொடுக்க அவர் வீட்டுக்குச் சென்றிருந்த நானும் அங்கிருந்தேன்.

"வாத்து கத்தினா நீ பொறுப்பு. அவ்ளோதான்."

"வாத்துன்னா கத்துமே அக்கா."

"அது பழைய சிந்தனை துவான். அதை மாத்தத்தான் உன்னைத் தலைவராப் போட்டிருக்கு."

உள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "பத்து வருஷமா தண்ணி மோட்டாருக்கு மனு குடுத்தோம், ஒரு நாய் எட்டிப் பாக்கல. இப்ப பதவி தேடி வந்திருக்கு! ஷிங்ஹுவா அப்பா, வாத்துங்ககிட்ட ஓட்டு வாங்கினீங்களா இல்லையா?"

"நீ சும்மா இரு. பிள்ளை பரீட்சை," என்றார் துவான்.

அவர் உண்மையாகவே முயன்றார். கருவில் சிசுவைச் சுமப்பவளின் கவனத்தோடு முயன்றார் என்று எழுதினால் மிகையாகத் தோன்றும், ஆயினும் நான் பார்த்தேன். தீனியை நேரம் மாற்றிப் போட்டார். கொட்டகை முழுவதையும் கறுப்புத் துணியால் மூடினார். இரவென்று நம்பி வாத்துகள் அடங்கின. அன்று மாலை கோங் அவர்களே மேற்பார்வைக்கு வந்தார். துணிக்கு முன் நின்று, உள்ளே அமைதி நிலவுவதை உறுதி செய்துகொள்ள விரும்பி, துணியைத் தம் கையாலேயே தூக்கினார்.

விடிந்துவிட்டது என்று எண்ணி நானூறு வாத்துகளும் ஒருசேர வரவேற்றன.

சத்தம் ஓய்ந்த பின் கோங் கேட்டார்: "இதுங்களுக்குத் தேர்வோட முக்கியத்துவத்தை எடுத்துச் சொன்னீங்களா?"

துவான் வாத்துகளைப் பார்த்தார். பிறகு, "சொன்னேன் தலைவரே," என்றார்.

"எழுத்துல குடுத்தீங்களா?"

"இல்லீங்க."

"அங்கதான் தப்பு!"

வாத்துகளை ஊரைவிட்டு வெளியேற்ற வேண்டும் என்று அங்கேயே முடிவாயிற்று. ஊரே உப்பு முட்டை உண்ணும் படகுத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. ஆண்டு முழுவதும் விற்கும் உப்பு முட்டையில் பாதி அதையொட்டிய இரு வாரங்களில்தான் விற்கும். முட்டையிடும் வாத்து பயந்த சுபாவம் கொண்டது. இடம் மாறினால் முட்டை நின்றுவிடும், இறகு உதிர்த்துவிடும், மீண்டும் முட்டையிட மாதங்கள் ஆகும். இதையெல்லாம் துவான் கோங்கிடம் ஒரு வாக்கியமும் சொல்லவில்லை. மனைவியிடம் மட்டும் சொன்னார்.

"சொல்ல வேண்டியதுதானே?" என்றார் மனைவி. "வாத்துத் தலைவர், வாத்துக்காக ஒரு வார்த்தை பேசக் கூடாதா?"

"பிள்ளை காதுல அந்த இங்கிலீஷ் தெளிவா விழணும். அதுக்குத்தானே இவ்ளோ பேர் பாடுபடறாங்க. நம்ம வாத்தால ஒரு கேள்வி போச்சுன்னா, நாளைக்கு நான் அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"அவ வாத்துச் சத்தத்துல வளந்தவ. வாத்தைத் தூக்கினாத்தான் அவளுக்குக் கேக்காது, பாருங்க."

"ஒனக்கு எல்லாம் விளையாட்டு."

மலைக்கு அப்பாலிருந்த மைத்துனர் ஊருக்கு வாத்துகள் சரக்கு வண்டியில் போயின. கூண்டுகளை அவசரத்தில் நெருக்கி அடுக்கியதால் அடியிலிருந்த சில நசுங்கின. வண்டி ஊர் எல்லையைத் தாண்டும்வரை ஹூ அக்கா மிதிவண்டியில் கூடவே வந்து, கத்தும் கூண்டுகளைக் குறித்துக்கொண்டார்.

சில நாள்களுக்குப் பிறகு ஷிங்ஹுவா என் மேசைக்கு வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"தூக்கமே வரல டீச்சர். வீடு ஒரே அமைதியா இருக்கு. டேப் போட்டா அந்த ஆள் பக்கத்துல நின்னு திட்டற மாதிரி இருக்கு."

"பழகிடும்மா. பரீட்சை அறையில எல்லாருக்கும் அப்படித்தானே?"

"எனக்கு விழும் டீச்சர். எவ்ளோ மெதுவாப் பேசினாலும் விழும்," என்றாள், எனக்கு ஆறுதல் சொல்பவள்போல. "சத்தம்னு ஒண்ணு வந்தாப் போதும், புடிச்சுடுவேன்."

தேர்வுக்கு முன்தினம் ஒலிச் சோதனை நடைபெற வேண்டும்; அது விதி. ஒலிபெருக்கிகள் அனைத்தும் இயங்குகின்றனவா என்று பார்ப்பதற்காக. எங்கள் முதல்வர் ஷென் ஒலிபரப்பு அறையில் அமர்ந்து விசையை அழுத்தினார். முன்னோட்ட இசை எழுந்தது. முற்றத்தில் வெய்யின் கருவியில் எண் துள்ளி ஏறியது. சிவப்புக் கொடி உயர்ந்தது. இசை நிறுத்தப்பட்டது.

"ஐயா, இது தேர்வோட சத்தம்," என்றார் வெய், தயங்கித் தயங்கி. "இதைக் கணக்குல எடுக்கணுமான்னு..."

"ஆணைல விதிவிலக்கு இருக்கா?" என்று கேட்டார் கோங்.

"இல்ல. சைபர்னு மட்டும்தான் இருக்கு."

"அப்ப விதிவிலக்கை நான் உண்டாக்கணுமா? மேல கேட்டா யார் பதில் சொல்றது, நீங்களா?"

விதிவிலக்கு கேட்டு மேலே எழுதலாம் என்று முதல்வர் மெல்லக் கூறினார். மேலே என்றால் குடியிருப்புக் குழு, பேரூர், கல்வி அலுவலகம் என ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். இறங்குவதைவிட ஏறுவதற்கு நாள் அதிகம் ஆகும். ஆகவே ஒலிச் சோதனை ஒலியின்றி நடத்தப்பட்டு, முழு வெற்றி என்று பதிவாயிற்று.

தேர்வு நாளின் பிற்பகல் வந்தது.

வாசலில் தாய்மார்கள் வெற்றிக்கு அடையாளமான சிவப்புச் சீனப் பட்டாடையில் நின்றிருந்தார்கள். பேசக் கூடாதென்பதால் உயர்த்திய முஷ்டிகளை அசைத்துப் பிள்ளைகளை உள்ளே அனுப்பினார்கள். ஷிங்ஹுவாவின் தாய் பட்டாடை இரவல் வாங்கியிருந்தார். தோளில் இறுக்கமாக இருந்தது. துவான் கைப்பட்டையோடு வந்திருந்தார். ஷிங்ஹுவா என்னைக் கண்டு தன் காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

அறைக் கண்காணிப்பாளர்கள் கம்பளிச் செருப்பு அணிந்திருந்தார்கள். சில்வண்டுகள் காலையிலேயே தண்ணீர் பீய்ச்சி அடக்கப்பட்டிருந்தன. முற்றத்துக் கற்பூர மரத்தடியில் தலைமையகத்தின் கூடாரம். அதில் கோங், கருவியுடன் வெய், பிறகு நான். என்னை மொழி ஆலோசகராக நியமித்திருந்தார்கள். ஏதேனும் சத்தம் எழுந்தால் அது ஆங்கிலமா என்று சான்றளிப்பது என் கடமை. பேசக் கூடாதென்பதால் என்னிடம் ஒரு மஞ்சள் அட்டை இருந்தது. அதை உயர்த்தினால் ‘ஆம், ஆங்கிலம்’ என்று பொருள். விதிகள் கூடாரத்தில் தொங்கின: சிவப்புக் கொடி உயர்ந்தால் ஒலியின் மூலத்தை உடனே அடக்க வேண்டும்; விளக்கம் பிறகு.

மணி அடிக்கவில்லை. மணிக்குப் பதிலாக ஒருவர் மாடி மாடியாக ஓடிப் பச்சைக் கொடி காட்டினார்.

ஒலிபெருக்கிகள் உயிர் பெற்றன. பெண் குரல் ஒன்று தேர்வு தொடங்குவதாக அறிவித்தது. கருவியில் எண் ஏறியது. வெய் என்னைப் பார்த்தார். நான் மஞ்சள் அட்டையை உயர்த்தினேன். அட்டையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். வெய் தலையசைத்து, ‘சத்தத்தின் மொழி: ஆங்கிலம்’ என்று எழுதினார். எழுதி முடித்துவிட்டுச் சிவப்புக் கொடியை உயர்த்தினார்.

கோங் ஒலிபரப்பு அறையை நோக்கிக் கையைத் தாழ்த்தினார். சன்னல் வழியே முதல்வர் தெரிந்தார். அவர் திருகைத் திருப்பினார். எண் இறங்கியது. போதவில்லை. கோங்கின் கை மேலும் தாழ்ந்தது. திருகு மேலும் திரும்பியது. முதல் உரையாடல் தொடங்கியிருந்தது. ஓர் ஆண் ஏதோ கேட்டான். பெண் கூறிய விடை அவள் வாயிலிருந்து பாதி வந்து, நீரில் மூழ்குபவளின் குரல்போல அமிழ்ந்தது. எண் இன்னும் இரண்டு இடம் மேலே நின்றது. கோங்கின் உள்ளங்கை தரையைத் தொடுவதுபோல் இறங்கியது.

கருவி சுழியம் காட்டியது.

முதல் ஐந்து உரையாடல்களும் ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும். நான் மஞ்சள் அட்டையை மீண்டும் உயர்த்தினேன். ஆட்டினேன். வெய் குனிந்து கருவியையே பார்த்தார். ஒரு தாளில் ‘பிள்ளைகளுக்குக் கேட்காது’ என்று எழுதி கோங்கின் முன் வைத்தேன். அவர் படித்தார். படித்து, தாளைத் திருப்பி அதன் பின்புறத்தில், ‘விளக்கம் பிறகு’ என்று எழுதித் தந்தார்.

"ஐயா," என்றேன். வாய்விட்டே கூறினேன். "ஐயா, பரீட்சையே அந்தச் சத்தந்தான்."

கருவியில் எண் துள்ளியது. வெய் பழக்கத்தால் கொடியை என் பக்கமாக உயர்த்தினார். கோங் உதட்டில் விரலை வைத்து என்னை நோக்கிய பார்வையில் கோபத்தைவிட வியப்பே மிகுந்திருந்தது.

பள்ளி முழுவதும் அத்தனை பிள்ளைகள் இருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை. அசையக் கூடாதென்று அவர்களுக்கு மூன்று ஆண்டுகள் கற்பித்தவர்களுள் நானும் ஒருத்தி. விடை தெரியாவிட்டால் தாளில் தந்துள்ள விடைகளுள் மூன்றாவதைக் குறித்து மேலே செல் என்பதும் எங்கள் பள்ளியின் மரபு. எல்லா அறைகளிலும் பென்சில்கள் மூன்றாவதைக் குறித்துக்கொண்டிருந்தன.

அப்போது இரண்டாம் மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"டீச்சர், கேக்கல!"

கொடி உயர்ந்தது.

"ஒண்ணுமே கேக்கல! பேசறாங்களான்னு கூடத் தெரியல! கொஞ்சம் சத்தமா வெக்கச் சொல்லுங்க!"

தலைமையகத்தின் அமைதிப் படையினர் கம்பளிச் செருப்புகளோடு படிகளில் ஓடினார்கள். அவ்வளவு பேர் அவ்வளவு வேகமாக ஓடியும் ஓர் அடியோசை எழவில்லை. பயிற்சி அத்தனை சிறப்பாக இருந்தது.

அதே நேரத்தில் வாசலில் நடந்ததைப் பிற்பாடு ஷிங்ஹுவாவின் தாய் எனக்குக் கூறினார். ஒவ்வோர் ஆண்டும் அந்நேரத்தில் மதிலுக்கு மேலாக ஆங்கிலம் மெல்லியதாக வெளியே கேட்கும். துவான் குளத்தில் நின்று கேட்டிருக்கிறார். இம்முறை எதுவும் கேட்கவில்லை.

"பாத்தியா," என்று அவர் மனைவியின் காதில் கிசுகிசுத்திருக்கிறார். "எவ்ளோ நல்லா வெச்சிருக்காங்க. ஒரு ஈ பறந்தாக் கூடக் கேக்கும். நம்ம வாத்து இருந்திருந்தா?"

"அந்த இங்கிலீஷும் கேக்கலயே."

"அது உள்ள கேக்கும்டி. வெளிய எதுக்கு ஒனக்கு?"

பிறகு அந்தக் குரல் மதிலைத் தாண்டி வந்தது. துவான் முகம் சுளித்தார்.

"யார் பெத்த பிள்ளையோ. இத்தன பேர் இவ்ளோ பாடுபட்டும், அடங்குதா பாரு."

மனைவி அவர் கைப்பட்டையைப் பற்றினார்.

"ஷிங்ஹுவா அப்பா, அது நம்ம பிள்ளை."

அறையில் ஷிங்ஹுவாவை நிற்க வைத்தார்கள். ‘ஒலியின் மூலம்: மாணவி, ஒன்று’ என்று பதிவு செய்தார்கள். பெயரை எழுதினார்கள், எழுத்துகள் சரியா என்று அவளிடமே காட்டிக் கேட்டார்கள், தலையசைத்து விடையளிக்கச் சொன்னார்கள். இவை முடியும்வரை அவள் உட்கார அனுமதியில்லை. உட்காராதவள் விடைத்தாளைத் தொடவும் அனுமதியில்லை. கேட்கும் பகுதிக்கான நேரம் அப்படியே கழிந்தது. அந்த நேரம் முடிந்ததும் சுழியக் கட்டுப்பாடும் முடிந்தது என்று கண்ட முதல்வர் ஷென், கடமை தவறாதவராகத் திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பினார். எல்லா ஒலிபெருக்கிகளும் உரக்கத் தெளிவாக அறிவித்தன: கேட்கும் பகுதி இத்துடன் நிறைவடைந்தது, அடுத்த பகுதிக்குச் செல்க.

படிக்கும் பகுதியை அவள் முதுகுக்குப் பின்னே இருவர் நிற்க எழுதினாள். அவ்வாண்டுப் பத்திகளுள் ஒன்று, கப்பல்களின் இரைச்சலால் ஒன்றின் குரல் மற்றொன்றை எட்டாமல் வழிதவறும் திமிங்கிலங்களைப் பற்றியது. நல்ல பத்தி. அதிலும் அவள் நான்கில் மூன்றைத் தவறவிட்டாள்.

பெற்றோர் சிலர் முறையிட வந்தனர். கோங் அவர்களை அன்போடு அமரவைத்துத் தேநீர் கொடுத்தார்.

"கேக்கலன்றீங்க. சரி. யாருக்காவது கேட்டுச்சா?"

"யாருக்குமே கேக்கலங்க."

"அப்ப எல்லாருக்கும் சமம்தானே? ஒருத்தருக்குக் கேட்டு ஒருத்தருக்குக் கேக்கலன்னா அது அநியாயம். இங்க அநியாயம் எங்க நடந்துச்சு?"

பக்கத்து வட்டத்துப் பிள்ளைகளுக்குக் கேட்டதே என்றார் ஒருவர்.

"பக்கத்து வட்டத்துல சத்தம் முப்பத்தெட்டு டெசிபல்," என்றார் கோங், வருத்தத்தோடு. "அவங்க நிலைமை நமக்கு வேண்டாம்."

மறுமாதம் எங்கள் வட்டத்துக்கு ‘முன்மாதிரி அமைதி வட்டம்’ என்னும் பட்டயம் வந்தது. பாராட்டு விழாவில் கைகளை உயர்த்தி ஆட்டினோம். தேர்வு நேரத்தில் பதிவான ஒரே இடையூறு குறித்தும் கோங் பெருந்தன்மையோடு பேசினார்: "அந்தப் பிள்ளை மேல எனக்குக் கோவம் இல்ல. வாத்து வளக்கற வீட்டுப் பிள்ளை. நாம வாத்துங்களை மட்டும் அப்புறப்படுத்தினோம். அடுத்த வருஷம் இன்னும் ஆழமா யோசிப்போம்."

துவான் அந்த விழாவுக்கு அழைக்கப்பட்டிருந்தார், கைகளை உயர்த்தவில்லை. வாத்துகள் திரும்பி வந்துவிட்டன, முட்டை வரவில்லை. அவருடைய தலைவர் பதவியைத் திரும்பப் பெறும் ஆணை எதுவும் வராததால், கைப்பட்டையைக் கழற்றலாமா என்று ஹூ அக்காவைக் கேட்டிருக்கிறார். மேலே எழுதியிருப்பதாக ஹூ அக்கா கூறியிருக்கிறார்.

ஷிங்ஹுவா மீண்டும் ஓராண்டு படிக்க என் வகுப்புக்கே வந்திருக்கிறாள். பின்வரிசையில் அமர்கிறாள். சென்ற வாரம் கேட்கும் பயிற்சியின் நடுவே எங்கள் பழைய ஒலிநாடா சிக்கிக்கொண்டது. சத்தம் அறவே நின்றது. நான் வேண்டுமென்றே உடனே எழவில்லை. அவளைப் பார்த்தேன். வகுப்பு முழுவதும் தாளைப் பார்த்திருந்தது. அவளும் தலைகுனிந்து, மூன்றாவது விடையைக் குறித்துவிட்டு அடுத்ததற்குச் சென்றாள்.

கதையை எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எனவே இழந்தவற்றை மட்டும் எழுதி முடிக்கிறேன். பிழையிருப்பின் பொறுத்தருள்க.

வண்டியில் நசுங்கிய வாத்துகள், பதினேழு.

படகுத் திருவிழாவின் உப்பு முட்டை, அந்த ஆண்டுக்கு உரியது முழுவதும்.

கற்பூர மரத்துச் சில்வண்டுகள், எண்ணப்படவில்லை.

ஆங்கிலம் கேட்கும் பகுதியில் துவான் ஷிங்ஹுவாவின் மதிப்பெண், முப்பதும்.

கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம், ஒன்று.

கேட்காதபோது எழுந்து நின்று ‘கேட்கவில்லை’ என்று சொல்லக்கூடிய பிள்ளை, எங்கள் வட்டத்தில், ஒன்று.